உப்பு ஜாடிக்குக் காவல்

டயர் தொழிற்சாலை கேன்டீனில் அறுநூறு பேருக்குச் சமைக்கும் அவருக்கு அளவுக் கரண்டியைக் கண்டாலே சிரிப்பு வரும். உப்போ மிளகோ, கை அள்ளும், அண்டாவுக்குள் போகும், ருசி தானாக வந்து உட்காரும். அதனால் எல்லோருக்கும் அவர் கைப்பிடி அக்கா.

கோடை விடுமுறையில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, நோயுள்ள பிள்ளைகளுக்காக ஏரிக்கரையில் நடக்கும் இலவச முகாமுக்குச் சமைக்கப் போவார்.

"சம்பளமில்லாத வேலைக்கு லீவு போட்டுட்டுப் போற ஒரே ஆளு நீதான்" என்று கணவர் சீண்டுவார்.

"வீட்டுல உங்களுக்கு ஆக்கிப் போடுறதுக்கு மட்டும் சம்பளம் வருதாக்கும்!"

இந்த முறை முப்பத்தெட்டுப் பிள்ளைகள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சமையல், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒன்று. சிறுநீரகம் கெட்டுப்போன ஒன்பது வயதுக்காரிக்கு மட்டும் மூடி போட்ட நீலத் தட்டு. மூன்றாம் நாள் காலையில் அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"ஏன் கண்ணு, சாப்பாடு பிடிக்கலையா?"

"ஆஸ்பத்திரியிலயும் மூடி போட்ட தட்டு, இங்கயும் மூடி போட்ட தட்டு. அதுக்கு ஆஸ்பத்திரியே பரவாயில்ல. அங்க எல்லாருக்கும் மூடி இருக்கும்."

அக்கா நேராக முகாமின் நர்ஸ் தம்பியிடம் போனார். "எல்லாரும் சாப்பிடுற மாதிரி ஒரே அண்டாவுல என்ன ஆக்கலாம், சொல்லுங்க."

அவர் சமையல் சாமான் பட்டியலில் ஆகாததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அரிசி, நாலைந்து காய்கள், பூண்டு, மிளகு, எண்ணெய் மிஞ்சின. சிறுநீரகத்துக்கு ஆகாத சத்து இறங்கிப்போக, காய்களை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைக்க வேண்டும். "யாருக்கு எவ்வளவுன்னு நான் பாத்துக்கறேன்க்கா. உப்பு மட்டும் ஒரு கல்லுகூடக் கூடாது."

பதினொரு மணிக்கெல்லாம் பூண்டு வாசனை ஏரிவரை போயிற்று. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து அந்தச் சிறுமி வேடிக்கை பார்த்தாள். அவளிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டே அக்கா கிளறினார்.

"அக்கா, இப்ப என்ன போட்டீங்க?"

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார். உப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவரைக் கேட்காமலே கை அள்ளிப் போட்டுவிட்டது.

"சரி விடுங்க. பாப்பாவுக்கு மட்டும் எப்பவும் போல தனியா..." என்று இழுத்தார் பக்கத்தில் நின்ற நர்ஸ் தம்பி.

"எப்பவும் போலன்னா பாப்பா வீட்டுக்குப் போயிடும்!" அண்டாவை இறக்கினார் அக்கா. "இது பெரியவங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. காயை எடுங்க, மறுபடி நறுக்கலாம்."

முகாமே நறுக்க உட்கார்ந்தது. சர்க்கரைப் பிள்ளைகளுக்கு நேரம் தவறாமல் பிஸ்கட் கொடுத்துச் சமாளித்தார் நர்ஸ் தம்பி. சிறுமி உப்பு ஜாடியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அக்காவின் வலக்கைக்கு, சூடான பாத்திரம் பிடிக்கும் தடித்த உறையை மாட்டிவிட்டவளும் அவள்தான். அக்கா இடக்கையால் கிளறி முடிக்க, மணி இரண்டுக்குத்தான் சாப்பாடு. முப்பத்தெட்டுத் தட்டு, ஒன்றுக்கும் மூடியில்லை.

"ஐயே, உப்பே இல்ல!" என்று ஒருவன் முகம் சுளித்தான்.

"நாலு வருஷமா நான் இதத்தான் சாப்பிடுறேன். மூணாவது வாயில பழகிடும், சாப்பிடு" என்றாள் சிறுமி, பெரிய மனுஷி தோரணையில். நாலாவது வாயில் அவன் இன்னும் கொஞ்சம் கேட்டான்.

சாயங்காலம் அம்மா வந்தபோதும் ஜாடி அவள் மடியை விட்டு இறங்கவில்லை.

"பையை எடுத்துக்கோ, கிளம்பலாம்."

"நான் வரலம்மா" என்று அக்காவின் வலக்கையைச் சுட்டிக் காட்டினாள். "நான் போயிட்டா இந்தக் கைய யாரு பாத்துக்கறது?"