யூதாசுக்குப் பட்டுத்துண்டு

"உங்க அத்தை யூதாசுக்குப் பட்டுத்துண்டு போட்டுச்சாம். ஊரே சேந்து கல்லால அடிச்சுத் தொரத்துனாங்களாம்."

கொழும்பில் என் அறைக்கு வந்து இப்படிச் சொன்னவன் செந்துறை ராசாங்கம். அவனும் பார்க்கவில்லை, ரயிலில் யாரோ சொல்லக் கேட்டது. அடி பட்டதா என்று கேட்டேன். "மாட்டுக்குத்தான் பட்டுச்சுன்னும் சொல்றாங்க" என்றான். அது 1948, சித்திரை மாதம். விடுப்புக் கிடைத்து நான் ஊர் வந்து சேர அடுத்த தை ஆகிவிட்டது. அதுவரை தபால்காரன் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன்.

அத்தை ரத்தினம்மாள் கீழப்பழுவூரில் நல்லபடியாகவே இருந்தாள். களத்தில் நின்று கடலைக்கொடி அடுக்கச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். "கல்லு இல்லடா, மண்ணாங்கட்டி. அதுவும் வண்டிச் சக்கரத்துல பட்டுச்சு" என்றாள்.

மாமா போன பிறகு வெள்ளாமையைத் தனியாகப் பார்த்தவள். அதற்கு அடுத்தபடி அவள் பார்த்தது நாடகம்தான். அரியலூரில் கொட்டகை போட்டாலும், பெரம்பலூர்ப் பக்கம் தெருக்கூத்து நடந்தாலும், கொள்ளிடக்கரை வேதக்கார ஊர்களில் ஏசுநாதர் பாடுபட்ட கதையைப் பாஸ்கா நாடகமாகப் போட்டாலும், அத்தையின் வண்டி முதலில் போய் நிற்கும். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் பாய் விரிப்பாள். வெற்றிலை போடமாட்டாள், துப்புவதற்கு எழுந்தால் ஒரு காட்சி போய்விடும். பக்கத்தில் யாராவது கடலை உடைத்தால் திரும்பி ஒரு பார்வை. அவ்வளவுதான், கடலை மடிக்குள் போய்விடும்.

"ஆத்தாவோட நாடகத்துக்குப் போறது கோர்ட்டுக்குப் போற மாதிரி" என்பார் வண்டிக்காரர் செல்லமுத்து. "திரும்பி வர்ற வழியெல்லாம் விசாரணை. தருமரு ஏன் அப்ப கண்ணை மூடுனாரு, சொல்லுங்கிது. அவரு தூங்கிட்டாராட்டம் இருக்கு, நான் என்னத்தச் சொல்ல?"

நடந்ததை அத்தையே சொன்னாள். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பாஸ்கா. யூதாஸ் வேடம் சவரிமுத்துவுக்கு. கிணறு இறைத்து மிளகாய் போடுகிறவர்.

"மத்த ஊர்ல யூதாசுன்னா மீசையை முறுக்குவான், கண்ணை உருட்டுவான். இவன் அதெல்லாம் ஒண்ணும் பண்ணலடா. ஏசுவை முத்தங்குடுத்துக் காட்டிக் குடுக்கணுமில்ல? கிட்டக்க வந்துட்டு, துண்டால வாயைத் தொடைச்சிக்கிட்டான். இப்பத்தான் அவருகூட உக்காந்து தின்ன சோறு! அதைத் தொடைச்சிட்டு முத்தங்குடுக்கறான்."

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒருவர் நன்றாக ஆடினால் துண்டு கொடுப்பது வழக்கம். கொடுத்தவர் பெயரையும் ஊரையும் கட்டியக்காரன் கூவிச் சொல்வான். துரியோதனனாக ஆடினாலும் துச்சாதனனாக ஆடினாலும் மரியாதை ஒன்றுதான். பாஸ்காவில் கட்டியக்காரன் இல்லை. அதனால் அத்தை தானே எழுந்து நின்று கூவிவிட்டாள்: "கீழப்பழுவூர் ரத்தினம்மா, யூதாசுக்குப் போடுற பட்டுத்துண்டு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு, "ஆண்டவரைக் காட்டிக் குடுத்தவனுக்கு மரியாதையா? அந்தப் பொம்பளையை வெளியே தள்ளு" என்று சத்தம். சவரிமுத்து துண்டைத் தொடாமல் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டார். துண்டும் கையுமாக நின்ற அத்தையைச் செல்லமுத்து வண்டியில் ஏற்றிக் கிளப்பிக்கொண்டு வந்தார்.

அத்தையின் கவலை மண்ணாங்கட்டியைப் பற்றியது அல்ல. சந்தையில் சவரிமுத்துவின் மனைவியிடம், "யூதாசு வூட்டுக்காரி, பட்டுத்துண்டு பத்திரமா இருக்கா?" என்று கேட்கிறார்களாம். இனிமேல் வேடம் கட்டக்கூடாது என்று அவள் அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டாளாம். "நான் வாயைத் தொறந்து ஒரு நல்ல நடிகனைக் கெடுத்துப்புட்டேன். அவன் திரும்ப மேடை ஏறணும்டா" என்றாள்.

கொழும்புக்குத் திரும்புமுன் அவளோடு நானும் சவரிமுத்துவின் ஊருக்குப் போனேன். அந்த ஊருக்குள் அவளை விடுவார்களோ என்று எனக்குப் பயம். அவள் பட்டுத்துண்டையும் கையோடு எடுத்து வந்திருந்தாள். நேரே மாதா கோயிலுக்குப் போய், பங்குச் சாமியாரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"போன வருசம் நான் வேசத்துக்குத் துண்டு போட்டேன். அது தப்புங்க. இந்த வருசம் நாடகம் தொடங்கறதுக்கு முந்தி எல்லாரும் வெறும் வேட்டியோட வந்து நிக்கட்டும். அவங்கவங்க பேரு, அப்பன் பேரு சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு போடுங்க. யூதாசுக்கு வேணாம், சவரிமுத்துக்குப் போடுங்க. அப்புறமா வேசம் கட்டட்டும்."

"பட்டா?" என்றார் ஒரு பெரியவர்.

"எல்லாருக்கும் பருத்திதான். பட்டை நான் மடிச்சு வச்சுக்கறேன்."

சாமியார் சிரித்துவிட்டார். பெரியவர்கள் மட்டும், "செய்யலாம். அவன் வரணுமே" என்றார்கள்.

கிணற்றடியில் சவரிமுத்து ஏற்றத்தை நிறுத்தாமலே பேசினார். "நீங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சீங்க. நான் அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனே."

அவர் மனைவி வரப்பிலிருந்து குரல் கொடுத்தாள்: "வேசங்கட்ட மாட்டேன்னுதானே சத்தியம்? பேரு சொல்லிக் கூப்பிட்டா போயி நிக்கட்டும். அதுக்கு மேல, கூப்பிடுற குரலைக் கேட்டுட்டு நான் சொல்றேன்."

"பாத்தீங்களா? நாடகத்தன்னிக்குச் சாயங்காலம்தான் எனக்கே தெரியும்" என்றார் சவரிமுத்து.

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. வண்டியில் ஏறியதும், "இவளும் நல்லா நடிப்பாடா" என்றாள்.

அரியலூர் ரயிலடிக்கு என்னை வழியனுப்ப வந்தவன் அத்தை மகன் நடராசன். அங்கே ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறான். அவனுக்கு நாடகம் என்றால் கொட்டாவி. "பயப்படாத மாப்ள. ஆத்தா போவட்டும், நான் போவ மாட்டேன். அங்க எவன் மேடை ஏறுனா எனக்கென்ன, இங்க நெல்லு அரைபடணும். பாஸ்காவுக்கு மறுநாள் காலையில மில்லுக்கு டிரங்க் கால் போடு, ஞாயித்துக்கிழமையும் மில்லு உண்டு. செல்லமுத்து வந்து எங்கிட்ட சொல்லியிருப்பாரு" என்றான்.

இன்று ஈஸ்டர் ஞாயிறு. நேற்றுப் பொழுது சாய்கையில் பாஸ்கா தொடங்கியிருக்கும். காலையிலேயே கொழும்புத் தபால் ஆபீசுக்கு வந்து கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தேன். கடல் தாண்டி, சென்னை தாண்டி, திருச்சி தாண்டி லைன் கிடைத்துவிட்டது.

"அரியலூர்ல மணி அடிக்குது சார். யாரும் எடுக்கலை. வெச்சிடட்டுமா?" என்கிறாள் டெலிபோன்காரப் பெண்.

நாடகமே பார்க்காத நடராசன், மில்லைப் பூட்டிக்கொண்டு எங்கே போனான்?

"வைக்காதீங்கம்மா" என்கிறேன். "இன்னுங்கொஞ்சம் அடிக்கட்டும்."

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.