மாவுப்பூச்சியைக் கொண்டுபோனது யார்?

வீடுகளிலும் காரியாலயங்களிலும் இருக்கும் தொட்டிச் செடிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். நுகேகொடையில் உள்ள ஒரு செடி நேர்சரி என்னை அனுப்பும். காலையில் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் நாளுக்கு நாலு இடம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வெள்ளவத்தைப் பல் டொக்டரின் கதையைத்தான்.

ஒருநாள் டொக்டரே போன் எடுத்தார்.

"ஸ்டெல்லா, என்ர அந்தூரியத்தில வெள்ளை வெள்ளையா என்னவோ கிடக்கு. உடன வாங்கோ."

ஒரே ஒரு கன்றிலிருந்து பதினொரு வருஷமாகப் பெருக்கிப் பன்னிரண்டு தொட்டி ஆக்கியிருந்தார். அவை வெயிற்றிங் ரூம் ஜன்னலோரம் வரிசையாக நிற்கும். பல் பிடுங்க வந்து நடுங்கிக்கொண்டிருப்பவர்களும் அந்தச் சிவப்புப் பூக்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பார்கள்.

போய்ப் பார்த்தேன். எட்டுத் தொட்டிகளில், காம்பு தண்டோடு சேரும் இடுக்கெல்லாம் பஞ்சு ஒட்டினதுபோல மாவுப்பூச்சி. இலை மேலே பிசுபிசுப்பு.

நான் பெரிய ஆள் மாதிரி விளக்கம் சொன்னேன். "ஏசிக் காத்துத்தான் டொக்டர். அதோட ஆரோ தண்ணியும் கூட ஊத்தியிருக்கினம்."

"தண்ணி ஊத்திறது நான்" என்றார்.

நான் பையிலிருந்த துணியை எடுத்து இலையைத் துடைக்கப் போனேன்.

"பொறுங்கோ பிள்ளை." துணியை வாங்கினார். பல் பார்க்கும்போது போடுகிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோயாளிக் கதிரையின் லைற்றுக்குக் கீழே அதை விரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். தூசி என்று நான் தினமும் உதறிவிட்ட இளஞ்சிவப்புப் புள்ளிகளுக்குக் கால் இருந்தது. மாவுப்பூச்சிக் குஞ்சுகள் துணி நூலில் ஆறுதலாக நடந்துகொண்டிருந்தன.

"இங்க வாறதுக்கு முதல் இந்தத் துணியால எங்க துடைச்சனீங்கள்?"

"மருதானையில, ஒரு ஒஃபிஸ்ல."

"அதுக்கு முதல்?"

சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. மூன்று வாரமாகப் பூச்சி வந்த இடங்கள் எல்லாம் நான் வேலைக்குப் போகும் வரிசையிலேயே இருந்தன.

"ஒராளின்ர வாயில வச்ச சாமானை அவிக்காமல் அடுத்த ஆளின்ர வாயில வைப்பனே நான்?" என்று கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நேர்சரி முதலாளிக்குப் போன் எடுத்தேன். "மத்த இடங்கள்ல வாயத் திறக்காதீங்க ஸ்டெல்லா. ஏசி எண்டே சொல்லுங்க, கொன்ட்ராக்ட் போயிடும்" என்றார்.

"ஏசி எண்டு சொன்னா அவங்க ஏசியத்தான் நிப்பாட்டுவாங்க சேர். பூச்சி அங்கயே இருக்கும்."

முதலாளி போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே எட்டுத் தொட்டிகளையும் பின்பக்கப் பல்கனிக்குப் பிரித்துக் கொண்டுபோய் வைத்தோம். ஸ்பிரிட்டை முதலில் ஒரு இலையில் தொட்டுவைத்துப் பார்த்து, இலை கருகவில்லை என்று தெரிந்த பிறகு, அதில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இடுக்கு இடுக்காகத் துடைத்தேன். வெயில் இறங்கியதும் மெல்லிய சோப்புத் தண்ணீர் அடித்தேன், இலையின் அடியிலும். முட்டை பொரித்துப் பொரித்து வரும் என்பதால், வாராவாரம் இதையே செய்யவேண்டும். இரண்டு தொட்டிகளில் வேர் வரைக்கும் பூச்சி.

"இதுகள எறியத்தான் வேணும் டொக்டர்."

"கட்டாயமோ?"

"ஓம்."

அவரே அவற்றைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூச்சி வந்த மற்ற மூன்று இடங்களுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். மருதானை மனேஜர், "நீங்களே கொண்டுவந்து, நீங்களே மருந்தடிக்கிறீங்களா?" என்று கேட்டு அன்றோடு எங்களை நிறுத்தினார். அவரில் பிழை இல்லை. முதலாளி ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மற்ற இரண்டு இடத்தவர்களும் செடி பிழைத்தால் போதும் என்றார்கள். பிழைத்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் தனித்துணி. கத்தரியையும் ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் அடுத்த செடியைத் தொடுவேன். நோய் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது, என் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆறாவது வாரம் பத்துத் தொட்டிகளும் சுத்தம். நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, டொக்டர் யாரோ சிநேகிதரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"செடி பாக்கிற ஒரு பிள்ளை இருக்கிறா. பிழை விட்டால் வந்து சொல்லுவா. நம்பிக் கூப்பிடுங்கோ."