அக்கா சொன்ன ‘நோ’

சென்ற ஆண்டு தகன மண்டபத்தில் அக்காவை வழியனுப்பியபோது அத்தான் இருந்தார். அக்காவின் மகள் துளசி முன்வரிசையில் அவர் கையைப் பிடித்தபடி இருந்தாள். நோர்பரியிலிருந்து மாமாவும் மாமியும் வந்திருந்தார்கள். ஹலினா அன்ரி போலந்திலிருந்து ஒரு நாளுக்கு மேல் பஸ்ஸில் பயணம் செய்து வந்து, கறுப்புக் கோட்டுக்கு மேல் அக்கா தைத்துக்கொடுத்த மஞ்சள் சால்வையோடு கதவருகில் நின்றார். அம்மா இல்லை. விசா கிடைக்கவில்லை. கரவெட்டியில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இடையில் இணைப்பு அறுந்துபோனது.

நானும் இருந்தேன். ஆனால் அன்று சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். போன கிழமைதான் அத்தானிடம் சொன்னேன். அவர், “ஆண்டு நினைவு மலரிலை எழுது. எழுதினா முழுசா எழுது” என்றார். ஆகவே முழுதாக எழுதுகிறேன்.

அக்கா கரவெட்டியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி; எங்களுக்கு இடையில் பன்னிரண்டு வயது. அப்பா போனபின், இடம்பெயர்வும் சேர்ந்துகொள்ள, ஒன்பதாம் வகுப்போடு அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. தையல் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அத்தானைக் கைப்பிடித்து லண்டன் வந்து, குட்மேய்ஸில் குடியிருந்து, சோபாக்களுக்கு உறை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் என்னைக் கூப்பிட்டுப் படிப்பித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதலாள் நான். வீட்டுக்கு வரும் கடிதம், மின்னஞ்சல் எல்லாம் என் கைக்குத்தான் வரும். “தம்பி வாசிச்சிட்டான்” என்றால் அக்காவுக்கு அதற்குமேல் கேள்வி இல்லை.

ஹலினா அன்ரி அதே தொழிற்சாலையில் மரவேலை செய்தவர். ஒருநாள் தன் வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே அவருடைய தகப்பன் வீட்டிலிருந்து வந்த ஒரு கைக்கதிரை. அறுபதுகளில் போலந்தில் செய்தது. பென்சில் போல மெலிந்த கால்கள், வளைத்த மரக் கைப்பிடி, ஒரு கையால் தூக்கலாம். அதில் இருந்துவிட்டு வந்த அக்கா அன்று முழுக்க அதே கதைதான்.

“லண்டனுக்கு வந்து இத்தனை வருசத்திலை என்ரை கால் நிலத்திலை முட்டின முதல் கதிரை அதுதானடா! இங்கத்தைச் சோபாவிலை இருந்தா நான் சின்னப்பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டெல்லோ இருக்கிறன்.”

போருக்குப் பிறகு போலந்தில் கட்டிய சின்னச் சின்ன மாடி வீடுகளுக்காக வரையப்பட்ட கதிரைகள் அவை. லண்டனில் இன்று நாங்கள் குடியிருக்கும் வீடுகளும் அதே அளவுதானே. இருவரும் முதலில் பழையவற்றை வாங்கித் திருத்தி விற்றார்கள். பிறகு அதே கதிரையைப் புதிதாகச் செய்ய ஆசைப்பட்டார்கள். வரைந்தவர் காலமாகியிருந்தார், அவருடைய மகளுக்கு ஹலினா அன்ரி அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். துணியை மாற்றலாம், உள்ளே தீப்பிடிக்காத பஞ்சு வைக்கலாம், ஆனால் முதுகுச் சாய்வை ஒரு நூல்கூட மாற்றக்கூடாது என்று பதில் வந்தது. இப்போதைய ஆட்கள் உயரம் என்பதால் இருக்கையை இரண்டு விரற்கடை உயர்த்தலாம் என்றும் எழுதியிருந்தார். அக்கா கொதித்துப்போனார். “அப்ப என்ரை கால்?” கடைசியில் இரண்டு அளவில் செய்தார்கள். “உயரம் வெள்ளையளுக்கு, கட்டை எங்கடை ஆக்களுக்கு” என்பார் அக்கா. கட்டைக் கதிரையைத்தான் வெள்ளைக்காரக் கிழவிகள் தேடி வந்து வாங்கினார்கள்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் யன்னல் இல்லாத ஒரு பட்டறை யூனிட்டைப் பத்து வருட லீஸில் எடுத்தார்கள். அக்காவின் பெயரில் எடுத்தது. ஐந்தாம் வருடத்தில் வேண்டுமானால் விட்டுவிட்டுப் போகலாம். அதற்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

அந்த யூனிட்டின் முதல் கிழமை நடந்ததைச் சொல்லாமல் மற்றது விளங்காது. அக்கா ஒரு கதிரைக்குத் துணி இழுத்துக் கட்டிவிட்டு, “ஓகேயா?” என்று கேட்டிருக்கிறார். ஹலினா அன்ரி தலையாட்டி, “நோ, நோ” என்றிருக்கிறார். அக்கா ஆணி அத்தனையையும் கழற்றி மறுபடி கட்டினார். மறுபடியும் “நோ, நோ.” மூன்றாம் முறை அக்கா சுத்தியலைக் கீழே போட்டபோதுதான் அன்ரிக்கு விளங்கியது. போலந்துக்காரர் பேச்சில் ‘நோ’ என்றால் ‘ஆம்’. இருவரும் நிலத்தில் இருந்து சிரித்தார்களாம். அன்றிலிருந்து யூனிட்டில் ‘நோ’ என்றால் ஓம்தான். மெல்ல மெல்ல அது வீட்டுக்கும் வந்தது. “தேத்தண்ணி வேணுமோ அக்கா?” என்றால் “நோ” என்பார், நான் ஊற்றிக் கொடுப்பேன்.

ஐந்தாம் வருடம் ஹலினா அன்ரி தாயைப் பார்க்க ஊருக்கே திரும்பினார். அங்கே மரம் வளைக்கும் ஒரு சின்னப் பட்டறை கிடைத்தது. அக்கா லண்டன் யூனிட்டை விட்டுவிட்டு, வருடத்தில் சில மாதம் அங்கே போய் வேலை செய்வதாகவும், மிச்சத்தை வீட்டு முன்னறையில் தைப்பதாகவும் முடிவு. அன்ரி அக்காவின் உயரத்துக்கு ஒரு வேலை மேசையை அறுத்துக் கட்டைப்படுத்திப் படமும் அனுப்பினார்.

யூனிட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்ட் தொலைபேசியில் அழைத்தபோது அக்கா யூனிட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். “அப்போ நீங்கள் எங்களை விட்டுப் போகிறீர்களா?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா சந்தோசமாக, “நோ, நோ!” என்றார்.

நன்றி சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். அக்காவும் அறிவித்தாயிற்று என்று நினைத்தார்.

அந்த ‘நோ’வால் லீஸ் மிச்ச ஐந்து வருடமும் தொடர்ந்தது; உறவினர் எல்லோருக்கும் தெரிந்த கதை இதுவரைதான். துளசியின் சாமத்தியச் சடங்கில் மாமா பந்தியில் வைத்தே அக்காவைப் பார்த்து, “பிள்ளை, சோறு போடவோ? நோ எண்டு சொல்லு, அண்டாவோடை கொண்டுவாறன்!” என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ‘நோ அக்கா’ என்றே சிலர் கூப்பிட்டார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

ஏனென்றால் அக்காவின் ‘நோ’வால் ஒன்றும் முடிந்துவிடவில்லை. மறுநாளே அந்த ஏஜென்ட் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவரில் ஒரு பிழையும் இல்லை. “பேசியபடி நீங்கள் தொடர்ந்து இருக்கிறீர்கள்” என்பது முதல் வரி. அது எனக்கு வந்தது. புது வேலையின் முதல் கிழமை, ரயிலில் நின்றபடி முதல் வரியை மட்டும் பார்த்தேன். அக்கா மனம் மாறிவிட்டார் போலும் என்று நினைத்து, “நன்றி” என்று பதில் போட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் வரியில், “இது தவறானால் இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் அறிவியுங்கள்” என்று இருந்தது.

இருபத்தொரு நாள் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவன் நான்தான்.

யூனிட்டைப் பூட்டித் திறப்பை எப்போது தரவேண்டும் என்று அக்கா கேட்கப் போனபோதுதான் விசயம் வெளித்தது; அதற்குள் அந்த இருபத்தொரு நாளும் கடந்திருந்தது. அன்று பின்னேரம் நான் அந்த மின்னஞ்சலைக் காட்டினேன். அக்கா மூன்றாம் வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, இரண்டுதரம் வாசித்தார்.

“இது எப்ப வந்தது?”

சொன்னேன்.

“அத்தானுக்குக் காட்டாதை.”

“அக்கா, நான்தான்...”

“தெரியும். என்ரை நோவாலை வந்ததெண்டே இருக்கட்டும். எனக்கு இங்கிலீஷ் வராதெண்டு ஊருக்கே தெரியும், எனக்கு அது புதுசில்லை. நீ படிச்சனி. உன்னைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது.”

நான் தலையாட்டினேன். அதை நினைக்கத்தான் இன்னும் ஏலாமல் இருக்கிறது.

அதன்பின் அக்கா அந்த யன்னல் இல்லாத அறையில் தனியாக இருந்தார். மரச்சட்டங்கள் போலந்திலிருந்து லொறியில் வரும். அவர் பஞ்சும் துணியும் கட்டுவார். கதிரை விற்ற காசு வாடகைக்குப் போகும். வாடகை கட்டியதால் அங்கேயே இருந்து இன்னும் கதிரை கட்டவேண்டும். மாதத்துக்கு எத்தனை கதிரை என்று சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார். வெளியே மழையா வெயிலா என்று என்னிடம் தொலைபேசியில் கேட்பார். ஊரே ஆசைப்பட்டு வாங்கும் கதிரையை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு, தான் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்து சாப்பிடுவார். கேட்டால், “இருந்தா ஊத்தையாப்போம், விக்க ஏலாது” என்பார். போலந்தில் கட்டைப்படுத்திய மேசையில் ஹலினா அன்ரி பூச்சாடி வைத்தார்.

அப்படித் தனியாக இருந்த நான்காம் வருடம் நோய் வந்தது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து, “சுகம் வந்தவுடனை போலந்துக்குப் போவமோ அக்கா?” என்று கேட்டேன்.

“நோ” என்றார், என் கையைத் தட்டியபடி.

எந்த மொழியில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்காவுக்குப் பிறகு, பூட்டிக் கிடந்த யூனிட்டுக்கு மேலதிக ஷிப்ட் செய்து மிச்சப் பத்து மாத வாடகையையும் கட்டிய அத்தானுக்கும், கட்டி முடியாத ஆறு கதிரைகளை இரண்டு கிழமை நின்று துளசியோடு முடித்துக் கொடுத்த ஹலினா அன்ரிக்கும், லீஸ் முடிந்த அன்று வான் கொண்டுவந்து சாமான் ஏற்றிய மாமாவுக்கும், தொழிற்சாலைத் தோழிகளுக்கும், இறுதிக் கிரியைக்கு வந்த, வரமுடியாத எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமா, இனி அந்தப் பகிடியை என்னை வைத்தே விடுங்கள்.

சுவரில் அக்கா போட்ட கோடுகளுக்கு மேல் நான் வெள்ளை அடித்துவிட்டு, திறப்பைக் கொடுத்து, கடைசிப் பற்றுச்சீட்டை இந்த முறை கடைசி வரி வரைக்கும் வாசித்துக் கையெழுத்திட்டேன். ஐந்து வருட வாடகை எண்பத்தேழாயிரம். யூனிட்டைப் பழையபடி திருத்திக் கொடுக்க இரண்டாயிரத்து அறுநூறு. நான் வாசிக்காத ஒரு வரிக்கு அக்காவும் அத்தானும் கட்டியது எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு பவுண்ட்.