அரை மணித்தியாலம்

வெம்பிளியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், லண்டனுக்கு வருமுன் கனடாவில் ஒரு மலை விடுதியில் வேலை செய்தவர். வில்லும் அம்புமாக மான், கரடி வேட்டைக்கு வருபவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவது அவர் வேலை. நெடிய மனிதர், நடந்தால் பலகைத் தரைகூடச் சத்தம் போடாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் உடனே பிரிக்கமாட்டார். மேசையில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அறைக்குள் நடப்பார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது.

“உடையுங்கோ அண்ணை.”

“அம்பு பட்ட மானுக்குப் பின்னாலை உடனே போகக்கூடாது, தம்பி. அரை மணித்தியாலம் பொறுக்கோணும். முந்திப் போனால் எழும்பி ஓடிப்போயிடும்.”

“இது கடிதம்.”

“ஓம். எங்கை பட்டதெண்டு தெரியாதே.”

ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு மாதம், அவருக்கு வந்த கடிதத்தைப் பொறுக்கமாட்டாமல் நானே கிழித்து வாசித்துவிட்டேன். அவர் ஏசவில்லை. கடிகாரத்தைக் காட்டினார். இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலடியில் நின்றார்.

அந்தப் பதினொரு நிமிடமும், அவருடைய தங்கை செத்துப்போன சேதி அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். கடிகார முள் அவ்வளவு வேகமாக ஓடி நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.