மலையை வெளியிலிருந்து பார்க்க ஒரு படகு

இந்த நாட்டு பஸ்களில் சாரதியின் தலைக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: சாரதியுடன் பேசக்கூடாது. இத்தாலிக்கு வந்த புதிதில் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பதுளையிலிருந்து எங்கள் தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் சாரதியோடு பேசாமல் இருந்தால்தான் அவர் கோபித்துக்கொள்வார். யார் வீட்டில் கல்யாணம், தெமோதரையில் ரயில் ஏன் தாமதம், நேற்று ஏன் உங்களைக் காணோம் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போவோம். வளைவு வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வோம். இங்கே சலேர்னோ நகரில் ஒரே சாரதியின் பஸ்ஸில் எத்தனையோ முறை ஏறி இறங்கியும் அவர் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. போன வசந்த காலத்தில்தான் தெரிந்தது.

அன்று நானும் என் மகள் நிரோஷாவும் மயோரி என்ற ஊருக்குப் புறப்பட்டிருந்தோம். சலேர்னோவை விட்டதும் பாதை மலையைக் குடைந்துகொண்டு ஏறும். ஒரு பக்கம் கீழே கடல். மறுபக்கம் தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பாறை. கல் உருண்டு விழாமலிருக்கப் பாறையின் மேல் கம்பி வலை போர்த்தியிருக்கிறார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து பணம் கட்டி இந்தப் பாதையைப் பார்க்க வருகிறார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த தம்பதி கைத்தொலைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நிரோ அந்த வலையைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். அவளுக்கு மூச்சு வரவில்லை.

"அம்மா, எறங்கணும். இப்பவே எறங்கணும்."

நான் முன்னால் ஓடிச் சாரதியிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் திரும்பாமலே விரலால் அறிவிப்பைக் காட்டினார். நான் தமிழிலேயே கத்திவிட்டேன். அதன் பிறகுதான் அவர் கண்ணாடியில் நிரோவின் முகத்தைப் பார்த்தார். "மதோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டார். அதுதான் நான் கேட்ட அவருடைய குரல். வியெத்ரி என்ற முதல் ஊரிலேயே கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் நடந்தே சலேர்னோவுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நிரோ கடலோரச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

யார் இவர்கள், எதற்கு மயோரி என்று நீங்கள் கேட்கலாம். நான் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள். இங்கே என் வேலைக்குப் பெயர் பதந்தே. முதியவர்களோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். நான் பார்த்துக்கொள்ளும் சின்யோராவுக்கு, அதாவது வீட்டுக்கார அம்மாவுக்கு, நடக்க முடியாது. அவருக்கு மதியச் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் லயத்தின் மேல், தோட்டத்து வரிசை வீடுகளின் மேல், மலை இறங்கிய செய்தி வந்தது. நிரோ பண்டாரவளையில் டியூஷனுக்குப் போயிருந்தாள். என் கணவர் கடையில் வேலையில் இருந்தார். லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நிரோவும் அந்த வீட்டுப் பெண்ணும் ஒரே நாளில் காது குத்திக்கொண்டவர்கள். அன்று அந்தப் பெண் காய்ச்சல் என்று டியூஷனுக்குப் போகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. இப்போதும் மழை கனத்துப் பெய்தால் கையிலிருப்பதை எங்காவது வைத்துவிட்டுத்தான் நிற்பேன்.

நிரோவைக் கடந்த வருடம் என்னிடம் அழைத்துக்கொண்டேன். கணவர் வரவில்லை. மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆள் அங்கே இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அவர் ஒரு தற்காலிகக் குடிசையில் இருந்துகொண்டு அந்தப் பெயரைக் காவல் காக்கிறார்.

இந்த நிலையில் சின்யோராவின் மகன், கோடை முடிந்ததும் தாயை மயோரியில் மலைச்சரிவில் இருக்கும் அவர்களுடைய பழைய வீட்டுக்கு நிரந்தரமாகக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். எனக்கும் மகளுக்கும் அங்கே அறை உண்டு. அதைப் பார்த்துவரத்தான் அன்று பஸ் ஏறியிருந்தோம். போகாவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் எங்கள் இருவருடைய சொஜோர்னோவும், அதாவது இங்கே வசிக்கும் அனுமதியும், ஆட்டம் காணும். நான் மட்டும் போய், நிரோவைச் சலேர்னோவில் தெரிந்தவர் வீட்டில் விடலாம் என்று சிலர் சொன்னார்கள். மலை இறங்கிய அன்று நான் அவளோடு இல்லை. இனி ஒரு மழைக்கும் அவளைத் தனியே விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதே சமயம், அவளைக் கட்டாயப்படுத்தி இழுத்துக்கொண்டு போய் ஒரு மலைக்கு அடியில் வைக்கவும் எனக்கு உரிமை இல்லை.

தொலைபேசியில் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அழுதா ரோடு மாறிடுமா? மலைக்கு அடியில போக முடியலன்னா வெளிய சுத்திப் போங்க. கடல் இருக்குதானே, சும்மாவா வச்சிருக்கான்."

"ஏங்க, எனக்கே நீச்சல் தெரியாதுங்க."

"உன்னைய யாரு நீந்தச் சொன்னா? காசு குடுத்து ஏறி உக்காரு புள்ள."

கடல் வழியாக மயோரிக்குப் பயணிகள் கப்பல் இருக்கிறது. ஆனால் அது யாருக்காகவும் நிற்காது. நடுவில் நிரோவுக்கு மூச்சு முட்டினால் இறங்க இடமில்லை. எனக்கு வேண்டியது, சொன்ன இடத்தில் நிற்கும், சொன்னால் திரும்பிவிடும் ஒரு படகு. அப்படிப்பட்டவை சுற்றுலாப் படகுகள்தாம்.

சலேர்னோ துறைமுகத்தில் படகு தேர்ந்தெடுப்பது எப்படி என்று வழிகாட்டும் பலகைகள் நிறைய உண்டு. சூரிய அஸ்தமனச் சுற்று, குகைச் சுற்று, நீச்சல் சுற்று என்று படங்களோடு வைத்திருக்கிறார்கள். எனக்கு அவற்றில் எதுவும் விளங்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கதிர்காமம் கோயிலுக்கு வேன் பிடிப்பதென்றால் யாரும் வேனைப் பார்க்க மாட்டார்கள், சாரதியைத்தான் பார்ப்பார்கள். லயத்திலிருந்து விவரமானவர்கள் முன்கூட்டியே போய், ஆள் எப்படி, குடிப்பாரா என்று விசாரித்துவிட்டு வருவார்கள். போகும் வழியில் முதல் சாப்பாட்டுப் பார்சலும் அவருக்குத்தான். உயிர் அவர் கையில் இருக்கிறது. நான் அந்த முறையைத்தான் கையாண்டேன். என் ஓய்வு நேரமான மதியங்களில் துறைமுகத்தில் போய் உட்கார்ந்து படகோட்டிகளைக் கவனித்தேன்.

எல்லோரும் குடித்தார்கள். ஒளிவு மறைவு இல்லை. படகின் இஞ்சின் பெட்டி மேல் துணி விரித்து, பாஸ்தாவை வைத்து, பக்கத்தில் திராட்சை மது. வயதானவர், இளைஞர், சங்கிலி போட்டவர், போடாதவர் எல்லோரும். நான் மனதுக்குள் ஒவ்வொரு படகாகக் கழித்துக்கொண்டே போனேன். கடைசியில் கடலில் படகே மிஞ்சவில்லை.

டிக்கெட் விற்கும் பெண்ணிடம் கேட்டேன். அவள் உற்சாகமாக, "எங்க படகுல அபெரித்தீவோ இருக்கு, புரொசெக்கோ சேர்த்துத்தான்!" என்றாள். அபெரித்தீவோ என்றால் சாப்பாட்டுக்கு முன் குடிப்பது. புரொசெக்கோ என்பதும் மதுதான்.

"ஓட்டுறவரும் குடிப்பாரா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு! நீங்க ஒரு கிளாஸ் குடுத்தா அவருக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும்."

வீட்டுக்கு வந்து நிரோவிடம் சொன்னபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்தாள். "அம்மா, இங்க சாப்பாட்டோட குடிக்கிறது நம்ம பிளேன்டீ மாதிரி. நீங்க போய் லயத்துச் சிஐடி வேலை பாத்திருக்கீங்க." பிறகு, "எதுக்கு மத்தியானம் போறீங்க? காலையிலயே போயிட்டு வந்துட்டா அவங்க சாப்பிடுறதுக்கு முந்தியே முடிஞ்சிரும்ல?" என்று கேட்டாள். "போறீங்க" என்றுதான் சொன்னாள், "போறோம்" என்று சொல்லவில்லை. இருந்தாலும் அவளே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறாள் என்று பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். என் மகள் பாதி வழியில் திரும்பச் சொன்னால் திரும்புவீர்களா? ஒருவர், பணம் திரும்பக் கிடைக்காது என்றார். இன்னொருவர், இந்தக் கரை சொர்க்கம், சொர்க்கத்திலிருந்து யார் திரும்பச் சொல்வார்கள் என்றார். சல்வத்தோரே என்பவர், சின்ன மரப்படகு வைத்திருப்பவர், பாஸ்தாவை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "கையத் தூக்கச் சொல்லுங்க. இஞ்சின் சத்தத்துல குரல் கேக்காது. கை தெரிஞ்சா நிப்பாட்டிருவேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய கிளாஸில் மது பாதிக்கு மேல் இருந்தது. நான் காலைப் பயணத்துக்கு முற்பணம் கொடுத்தேன்.

நிரோ வர ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கைதான் என்று நினைக்கிறேன். அன்று விடிய எழுந்து ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்துக் கட்டிக்கொண்டேன். படகில் ஏறியதும் முதல் பார்சலைச் சல்வத்தோரேயிடம் நீட்டினேன். அவர் அதைப் படகுக் கூலியில் ஒரு பகுதி என்று நினைத்து, கைகளை ஆட்டி மறுத்தார்.

"அம்மா, இது கதிர்காமத்து வேன் இல்ல," என்றாள் நிரோ. பிறகு அவளே இத்தாலிய மொழியில் ஏதோ விளக்கினாள். அவர் பார்சலைப் பிரித்து, எங்கள் வழக்கத்துக்கு மரியாதை செய்பவரைப் போல நின்றுகொண்டே ஒரு ரொட்டி முழுவதையும் சாப்பிட்டார். "இந்தப் பொண்ணு பேசுறது நல்லா இருக்கு. நீங்க பேசுறதுலதான் பாதி எனக்கு வெளங்க மாட்டேங்குது," என்றார் என்னைப் பார்த்து. நாங்கள் மிதவைச் சட்டைகளை இறுக்கிக்கொண்டோம்.

படகு கரையிலிருந்து நன்றாக விலகி ஓடியது. நான் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். எனக்கு மலை பழக்கம், தண்ணீர்தான் பயம். நிரோ கண்களை மூடியிருந்தாள். பஸ் போகும் பாதை ஒரு கோடு போலத் தெரியத் தொடங்கிய இடத்தில் அவள் கையைத் தூக்கினாள். அந்த நொடியே இஞ்சின் நின்றது.

திரும்பச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு மெதுவாக ஆடியது. சல்வத்தோரே சுக்கானில் கை வைத்தபடி காத்திருந்தார்.

"அம்மா," என்றாள், "உச்சியிலருந்து அடி வரைக்கும் முழுசா தெரியுது."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் மலையை நாங்கள் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. அதன் இடுப்பில் பிறந்து, அதன் மேல் கொழுந்து கிள்ளி, அதன் மேலேயே பள்ளிக்கூடம் போய் வந்தோம். நின்ற இடத்துக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் தெரியும். அது எங்கே வெடித்திருந்தது, எங்கே தண்ணீர் ஊறியிருந்தது என்று வெளியே வந்து பார்க்க எங்களுக்குக் கடல் இருக்கவில்லை.

நிரோ ஒரு விரலை நீட்டி, தூரத்துக் கரையைக் காற்றிலேயே தடவிக்கொண்டு போனாள். அங்கே மரமில்லாமல் வெளுத்திருந்தது. இன்னொரு இடத்தில் புதுச் சுவர் கட்டியிருந்தது. "இதெல்லாம் எறங்கின எடமா?" என்று சல்வத்தோரேயிடம் கேட்டாள்.

இல்லை, சும்மா பாறை என்று சொல்லிவிடுவார் என்று நான் அஞ்சினேன். அவர் சொன்னார்: "ஆமா. இந்த மலை எறங்கும். எங்க அம்மா காலத்துல மயோரிக்குள்ள சேறு வந்திருக்கு. பெரிய மழைன்னா அல்லேர்த்தா, எச்சரிக்கை குடுப்பாங்க. அப்போ போயிரணும்."

"எங்களையும் கவனமா இருக்கச் சொன்னாங்க," என்றாள் நிரோ. "எங்க போறதுன்னு யாரும் சொல்லல."

சல்வத்தோரே இஞ்சினை இயக்கட்டுமா என்று கையால் மட்டும் கேட்டார். நிரோ தலையாட்டினாள். மயோரி துறையில் இறங்கி, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே படியேறி, சின்யோராவின் வீட்டைப் போய்ப் பார்த்தோம். நிரோ முன்வாசலுக்குப் போகவில்லை. நேரே வீட்டின் பின்பக்கம் போய், சரிவைத் தாங்கியிருந்த கல்சுவரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"வரலாம்," என்றாள் கடைசியில். "ஆனா அல்லேர்த்தா வந்தா நம்ம எங்க போறது, யாரு வண்டி அனுப்புறது, சின்யோராவ யாரு தூக்குறதுன்னு அவங்க மகன்கிட்ட இப்பவே கேக்கணும். வந்தப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லக்கூடாது. நீங்க கேக்கலன்னா நான் கேப்பேன்."

நானே கேட்டேன். வேலைக்காரி நிபந்தனை போடுகிறாள் என்று சின்யோராவின் மகன் முதலில் முகம் சுளித்தார். வீடு நூற்றாண்டுகளாக நிற்கிறது என்றார். எங்கள் லயமும் அப்படித்தான் நின்றது என்றேன். அதைக் கேட்டுவிட்டு அவர், சலேர்னோவில் இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டை விற்காமல் வைத்திருப்பதாகவும், எச்சரிக்கை வந்த நாளில் மழைக்கு முன்பே வண்டி வரும் என்றும், தாயோடு நாங்களும் அங்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அதன் பிறகுதான் நான் சம்மதித்தேன்.

இலையுதிர் காலத்தில் குடிபெயர்ந்தோம். நிரோ அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். பஸ்ஸில் இன்னும் ஏறுவதில்லை. சலேர்னோவுக்குப் போக வேண்டுமானால் கப்பலில் போகிறாள். கப்பல் ஓடாத நாட்களில் போவதில்லை. அவசரமில்லை.

போன மாதம் முதல் எச்சரிக்கை வந்தது. சொன்னபடி வண்டியும் வந்தது. சின்யோராவைத் தூக்கி உட்காரவைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதும் நிரோ மூடிக்கொண்டாள்; இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையைக் கடந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டுக் கணவரைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். குழந்தைகள் அழும் சத்தம்.

"எங்கங்க இருக்கீங்க?"

"பள்ளிக்கூடத்துல. இங்கயும் மழைதான் புள்ள. எல்லாரையும் கொண்டாந்து போட்டிருக்காங்க. பாய் குடுத்தாங்க, இன்னும் சோறு வரல. நீங்க?"

"நாங்களும் கீழ வந்துட்டோம்."

"பூட்டிட்டு வந்தியா?"

"பூட்டிட்டேன். நீங்க?"

"பூட்டு போட்டிருக்கேன். கதவு தாங்குமான்னு அதுகிட்டதான் கேக்கணும்," என்று சிரித்தார்.

நிரோ தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அப்பாவும் மகளும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இரண்டு நாடுகளில் இரண்டு மலைச்சரிவுகளில் எங்களுக்கென்று இருக்கும் இரண்டு வீடுகளிலும் அந்த நேரம் யாரும் இல்லை. நான் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.