வெட்டிய முக்கோணங்கள்

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஹர்த்தால் நாளில், பட்டப்பகலில், திருவனந்தபுரத்தில் எங்கள் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தது இது.

கரமனை ஆற்றோரம் ஒரு ஃபிளாட்டுக்கு மதில் கட்டியிருந்தார்கள். வெள்ளம் வந்தால் மதிலடி மண்ணில் தண்ணீர் எப்படி ஊறும், மதில் நிற்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். சைட்டில் மதில் வேலையை மேற்பார்த்து, மண் விவரமும் எடுத்து வந்தவன் விஜின். ஆறு வருஷமாக என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் கொடுத்ததை நான் மறுபடி சரிபார்ப்பதில்லை.

மண்ணில் ஈரம் ஏற ஏற, தண்ணீர் ஓடும் வேகமும் மாறும். அதனால் இதைக் கணக்கிடும் சமன்பாட்டுக்கு நேரடி விடை கிடையாது. மென்பொருள் மண்ணைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து, ஒரு விடையை ஊகித்து, பிழையைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகும். பிழை குறைய வேண்டும். அன்று குறையவில்லை. மதிலடியில் ஒரே ஒரு முக்கோணம் சிவப்பாக நின்றது.

விஜினுக்குப் போன் செய்தேன்.

“அதெ மட்டும் வெட்டிக் களஞ்சிருடே. எரர் போகும், கேட்டியா?”

அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற வேலைதான். வெட்டினேன். மறுபடி ஓட்டினேன். பக்கத்து முக்கோணம் சிவந்தது. அதையும் வெட்டினேன். அதற்கடுத்தது... அதற்கும் அடுத்தது...

தெருவில் ஒரு வண்டி இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். சரக்... சரக்... யாரோ மண்ணைப் பிறாண்டுகிற மாதிரி.

திரையை முழுசாகப் பார்த்தேன். வெட்டிய இடமெல்லாம் சேர்ந்து ஓர் உருவம். தலை. தோள். மடங்கிய கால்.

மேலே ஒரு வரிசை சிவந்தது. தூக்கிய கை...

சத்தம் நின்றது.

போன் அடித்தது. விஜின்.

“கையும் வந்தாச்சா? அதையும் வெட்டிரு.”

நான் அவனிடம் கை என்று சொல்லவே இல்லை.

மதிலடியைத் தோண்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தோண்டினார்கள். உள்ளே ஒரு பிணம். பிச்சைக்கனி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கட்டட வேலைக்காரர். மதில் கட்டும்போது அஸ்திவாரக் குழி சரிந்து அவரை மூடியிருக்கிறது. ஒரு கை மேலே தூக்கியபடி இருந்தது. ஆள் உள்ளே இருப்பது தெரிந்தும் மண்ணைத் தள்ளி மூடச் சொன்னவன் விஜின்.

அவன் கொடுத்த விவரத்தில் அந்த இடம் வெறும் மண். திரையில் அந்த உருவம் எப்படி வந்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது.

போலீஸ் என்னையும் கூப்பிட்டது. குழி சரிந்த அன்று, உங்கள் ஆள் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பிச்சைக்கனியின் மனைவி மாடம்மாளுக்குப் போன் போயிருக்கிறது. நம்பர் என்னுடையது. சார்ஜ் இல்லை என்று விஜின் என்னிடம் வாங்கிப் பேசிய போன். பாவி, என் பக்கத்தில் நின்றுதான் பேசினான்.

அவன் பேசிய அந்த நேரத்தில் மண்ணுக்குள் பிச்சைக்கனிக்கு உயிர் இருந்ததாம். நகமெல்லாம் மண்.