வாங்காத வெற்றிலை

கண்டக்டர் சிரிசோமவுக்கு ரோஷமே கிடையாது என்று எங்கள் வாரியப்பொலப் பக்கம் பேச்சு. பஸ்ஸில் யார் என்ன ஏசினாலும் சிரிப்பார். கேட்டால் பன்சலையில் பிக்கு சொல்லிக் கேட்ட கதையைச் சொல்வார். புத்தரை ஒருவன் வாய்க்கு வந்தபடி ஏசினானாம். "விருந்தாளி தொடாத சோறு யாருக்குச் சொந்தம்?" என்று அவர் கேட்டாராம். "எனக்குத்தான்" என்றானாம். "உன் ஏச்சும் அப்படித்தான். நான் எடுக்கவில்லை."

"நானும் எடுக்கிறதில்ல மாஸ்டர்," என்பார். எனக்கு எரிச்சலாக வரும். கல்லும்தான் சும்மா கிடக்கிறது.

அவருக்கு ஒரே தம்பி, பியதிலக்க. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வளவில் வீடு. பலாமரம் நின்ற துண்டுக் காணியை அம்மா மூத்தவன் பேருக்கு எழுதிவிட்டாள் என்று பதினொரு வருடம் வேலியில் நின்று கத்தினான்.

"அம்மாவ ஏமாத்தின கள்ளன்! உன் பாடையத் தூக்க ஒருத்தனும் வரமாட்டான்டா!"

சிரிசோம முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார்.

போன சித்திரைப் புத்தாண்டன்று பியதிலக்க படியேறி வந்தான். தொண்டையில் புற்றுநோய். மனைவி யசவதி தாங்கிப் பிடித்திருந்தாள். கையில் ஒரு கட்டு வெற்றிலை. மூத்தவர் அதை இரண்டு கையாலும் வாங்கித் தலையைத் தொட்டால் பழையதெல்லாம் தீர்ந்தது. அதற்காகத்தான் அந்த உடம்போடு வந்திருந்தான். முழங்காலிட்டு நீட்டினான்.

"ஏசினதெல்லாம் மன்னிச்சிருண்ணே." குரல் காற்றாகத்தான் வந்தது.

சிரிசோம புன்னகைத்தார். "நீ ஏசினத நான் எடுத்தாத்தானே மன்னிக்கிறதுக்கு? என்கிட்ட ஒண்ணுமில்ல தம்பி. வெத்தலைய வீட்டுக்குக் கொண்டு போ."

"சும்மா கையில வாங்கிக்கங்கண்ணே," என்று யசவதி கெஞ்சினாள்.

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் அங்கேதான் இருந்தேன். வாங்குமய்யா என்று அதட்டியிருக்கலாம். வாய் நிறையப் பால்சோறு. அதுதான் என் சாக்கு.

அடுத்த மாத வெசாக் பௌர்ணமி வருவதற்குள் பியதிலக்க செத்துப்போனான். சவப்பெட்டியருகே யசவதி அந்த வெற்றிலைக் கட்டை எடுத்து வந்தாள். சருகாகியிருந்தது.

"நீங்க வருவீங்கன்னு தலைமாட்டுலயே வச்சிருந்தாரு."

சிரிசோம இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பெட்டிக்குள் புருஷன் நெஞ்சில் வைத்தாள். "நீங்கதான் எதையும் எடுக்கிறதில்லையே."

திரும்பும் வழியில் வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றுவிட்டார்.

"எல்லாத்தையும் எடுத்தேன் மாஸ்டர். அவன் சொன்ன ஒரு சொல்லையும் விடல. அன்னிக்கு அவன் முழங்கால்ல நின்னப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"